காபிச் சக்கையைத் தொட்டியில் கொட்டலாமா?

"டாக்டர், நீங்க வைக்கச் சொன்ன தூதுவளை பட்டுப்போச்சு!"

பேரனின் சளித் தொல்லைக்காக என்னிடம் வரும் ஓர் அம்மாள், போன மாதம் உள்ளே நுழைந்ததுமே சொன்னது இது. வாரம் இரண்டு நாள் தூதுவளை ரசம் கொடுங்கள், கீரைக்காரியைத் தேடி அலையாமல் தொட்டியிலேயே ஒரு கொடி வையுங்கள் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

"என்ன உரம் போட்டீங்க?" என்றேன்.

"உரமே போடலீங்க. தினம் ஃபில்டர்ல மிஞ்சற காபிச் சக்கையைத்தான் தட்டினேன். செடிக்கு ரொம்ப நல்லதுன்னு சொல்றாங்களே!"

மறுநாள் தொட்டியையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்துவிட்டார். மண்ணின் மேல் இரண்டு விரல் கனத்துக்குக் கறுப்பாக அடை தட்டியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். அப்படியே ஓரமாக வழிந்து ஓடியது. கீழே மண் காய்ந்து கிடந்தது. பாவம், அந்தச் செடி தாகத்தில் செத்திருக்கிறது!

சக்கை நைஸாக இருப்பதால் காய்ந்ததும் இறுகி விடும். தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. அதோடு, டிகாக்ஷன் இறங்கிய பிறகும் அதில் கொஞ்சம் காஃபின் மிச்சமிருக்கும். விதை முளைப்பதையும் நாற்று வளர்வதையும் அது தடுக்கும். உலர்ந்த சக்கை 100 கிராமில் சுமார் 2 கிராம் தழைச்சத்து உண்டு, வாஸ்தவம்தான். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் முதல் பந்தியில் உட்காரும். செடிக்குக் கடைசிப் பந்திதான்.

அப்படியானால் குப்பையில் போடுவதா? வேண்டாம், மட்க வைத்துப் போடுங்கள்.

அடியில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வாளி போதும். கீழே காய்ந்த சருகு ஒரு சாண் உயரம். அதன் மேல் காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், அன்றைய காபிச் சக்கை. மறுபடி மேலே சருகு. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்கை வேண்டாம். கையில் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் அடித்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு உதிரியாகிவிடும். சிக்கரி கலந்த பொடியானாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு வேர்தானே! பால், சர்க்கரை கலந்த மிச்சக் காபியை மட்டும் ஊற்றாதீர்கள். எறும்பு படையெடுக்கும்.

வீசிங் உள்ளவர்கள் இதைக் கிளற வேண்டாம். பூஞ்சைத் தூசி மூச்சில் ஏறினால் சளிக்குச் செடி வளர்க்கப் போய் இழுப்பில் முடியும். வேறு யாராவது, மூக்கில் துணி கட்டிக் கொண்டு செய்யட்டும். வீட்டில் நாய் இருந்தால் சக்கையை மூடியே வையுங்கள். காஃபின் நாய்க்கு விஷம்.

"சக்கை புளிப்பாச்சே, மண்ணைக் கெடுக்காதா?" என்றும் அந்த அம்மாள் கேட்டார். அந்தப் பயம் வேண்டாம். புளிப்பு பெரும்பாலும் டிகாக்ஷனோடு இறங்கி நம் வயிற்றுக்குத்தான் போகிறது! (நெஞ்செரிச்சல்காரர்கள் கவனிக்கவும்.)

அடையைப் பெயர்த்து, மண்ணைக் கொத்தி, தண்ணீர் விட்டு அனுப்பினேன். மூன்றாம் வாரம், "அடித்தண்டுல ஒரு துளிர் விட்டிருக்குங்க" என்று போன் வந்தது. ரசத்துக்குக் காணாது. அதுவரை கீரைக்காரிதான் கதி.