முஸ்லிம் நாடுதானே என்று வாய்ப்பேச்சை நம்பலாமா?

டுபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் தொழிலுக்காகவும் வியாபாரத்துக்காகவும் செல்லும் எம்மவர்களிடம் ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது. 'அது முஸ்லிம் நாடு. கடை வைத்திருப்பவரும் நம்ம ஊர்க்காரர். பயப்பட ஒன்றுமில்லை' என்பதே அது. பாங்கு சத்தம் கேட்பதும் தெரிந்த முகங்களைக் காண்பதும் மனதுக்கு ஆறுதல்தான். ஆனால் பிணக்கு என்று வந்துவிட்டால் அங்குள்ள தொழில் அமைச்சும் நீதிமன்றமும் முதலில் பார்ப்பது எழுத்தில் என்ன இருக்கிறது என்பதைத்தான். எனவே ஐக்கிய அரபு இராச்சியத்துக்குச் செல்வோரும், பிள்ளைகளை அனுப்புவோரும் சில விடயங்களை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, வீசா. விசிட் வீசாவில் போய் மச்சானுடைய கடையில் 'சும்மா உதவிக்கு' நிற்பது சட்டவிரோதமான வேலையாகவே கருதப்படும். 2024இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்கப்படலாம். உதவி செய்யப் போனவரால் உதவி கேட்டவரின் கடையே மூடப்படும் நிலை வரலாம். வீசாக் காலம் முடிந்தும் தங்கியிருந்தால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம் கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது, தொழில் ஒப்பந்தம். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குக் கிடைக்கும் சேவைக்காலப் பணம் அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து வருடங்களுக்கு வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன் பின்னர் வருடமொன்றுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் உரியது. மொத்தச் சம்பளம் 2,000 திர்ஹம் பெறும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருடைய அடிப்படைச் சம்பளம் 1,500, மற்றவருடையது 900. ஐந்து வருடம் கழித்து முதலாமவருக்கு 5,250 திர்ஹம் கிடைக்கும். இரண்டாமவருக்கு 3,150 மட்டுமே. ஒப்பந்தத்தின் அரபு வாசகமே செல்லுபடியாகும் என்பதால், அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசித்துக் கேட்பது அவசியம்.

மூன்றாவது, கடவுச்சீட்டு. அதை முதலாளி பிடித்து வைத்திருப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கவில்லை. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடவும் முடியாது. சம்பளப் பிணக்குகளில் 50,000 திர்ஹம் வரையான கோரிக்கைகளுக்கு 2024 ஜனவரி முதல் தொழில் அமைச்சே தீர்ப்பு வழங்குகிறது. ஒப்பந்தப் பிரதியும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கையிலிருந்தால் வழக்கு இலகுவாகும்.

நான்காவது, கூட்டு வியாபாரம். எம்மவர்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான். ஊரில் காணியை விற்றுப் பணம் அனுப்புவார்கள். வியாபார உரிமப் பத்திரத்திலோ வேறொருவருடைய பெயர் மட்டும் இருக்கும். நாளை மனக்கசப்பு வந்தால் பங்கை நிரூபிக்க எதுவும் இருக்காது. உள்நாட்டவர் ஒருவர் 51 சதவீதம் பங்கு வைத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பெயரைப் பதியாமல் பணம் போடுவதற்கு இப்போது சாட்டுச் சொல்ல முடியாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கமே கட்டளையிட்டிருக்கும்போது, எழுதச் சொல்வதை அவநம்பிக்கை என்று எவரும் கோபிக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, காசோலை. பணமின்றித் திரும்பிய காசோலைக்காக மட்டும் சிறை செல்லும் நிலை 2022 ஜனவரி முதல் பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் காசோலையை வைத்திருப்பவர் நேரடியாக நிறைவேற்று நீதிபதியிடம் போகலாம். பயணத் தடையும் வரலாம். ஏமாற்றும் நோக்கத்தோடு கணக்கை மூடுவது இன்றும் குற்றமே. திகதி பிந்திய காசோலைகளை எழுதிக் கொடுக்கும்போது கவனம் தேவை.

ஆறாவது, வரி. 'டுபாயில் வரியில்லை' என்பது பழைய கதை. பெறுமதி சேர் வரி 2018 ஜனவரி முதல் 5 சதவீதமாக அறவிடப்படுகிறது. வருடப் புரள்வு 375,000 திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். 2023 ஜூன் முதல் கம்பனி இலாபத்தில் 375,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 9 சதவீத வரியும் உண்டு.

இறுதியாக, நல்ல காரியத்திலும் அவதானம் வேண்டும். ஊர்ப் பள்ளிவாசலுக்கென்றோ நோயாளிக்கென்றோ வாட்ஸ்அப் குழுவில் பணம் சேர்ப்பதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனிநபர்களுக்குத் தடை செய்துள்ளது. அனுமதி பெற்ற நிறுவனத்தின் ஊடாகவே அதைச் செய்ய வேண்டும். அதே வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டி அனுப்பும் செய்தியும் வழக்காகலாம்.

பயணத்துக்கு முன் வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொள்ளுங்கள். எல்லாப் பத்திரங்களினதும் ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.