ஆடியில் ஆள் குடிபுகக் கூடாதாம். வாடகை மட்டும் புகலாமாம்!

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் வேலை பார்க்கும் தோழர் ஒருவர் ஒரு நாள் மாலை சங்க அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்காக மடித்த முத்திரைத்தாள் நகல். "தோழர், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். நான் ஏமாந்தேனா, இல்லை, உலகமே இப்படித்தானா?" என்று கேட்டார்.

படித்துப் பார்த்தோம். விஷயத்தையும் கேட்டோம். ஒரு வீட்டில் நடந்த கதை அல்ல அது. கல்லூரி திறக்கும் காலத்தில் நம் தோழர்கள் பலருடைய வீடுகளில் நடக்கும் கதை.

அவருடைய மூத்த மகன் சென்னைக் கல்லூரியில் சேர்ந்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை. படிப்புக்கு இடம் கிடைத்தது. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. "பேச்சிலர்களுக்கு வீடு இல்லை" என்று பத்து வாசல்களில் திருப்பி அனுப்பினார்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டு முகத்தைச் சுளித்த வாசல்களும் உண்டு. கடைசியில் நான்கு பையன்கள் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்தார்கள். வாடகை 16,000 ரூபாய். அட்வான்ஸ் ஆறு மாத வாடகை, 96,000 ரூபாய். நம் தோழர் பங்கு 24,000. மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். பையனுக்கு வயது 17 என்பதால் ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். ஜூலை 1-ம் தேதி சாவி என்று பேச்சு.

ஜூலை 1 வந்தது. சாவி வரவில்லை. "பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யவில்லை; ஒரு வாரம் பொறுங்கள்" என்றார் வீட்டுக்காரர். ஒரு வாரம் போயிற்று. "வெள்ளையடிக்கிறோம்" என்றார். வெள்ளையடிப்பு முடிந்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது! "ஆடியில் யாராவது குடிபோவார்களா? ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள்" என்றார்.

பையன்கள் என்ன செய்வார்கள்? ஒருவன் நண்பனுடைய விடுதி அறையில் தரையில் படுத்தான். இருவர் லாட்ஜில் நாள் வாடகை கொடுத்தார்கள். நம் தோழர் மகன் ஊருக்கே திரும்பி வந்துவிட்டான். ஒரு மாதப் பாடம் போயிற்று.

ஆகஸ்ட் 20-ல் சாவி வந்தது. கூடவே கணக்கும் வந்தது: ஜூலை வாடகை, ஆகஸ்ட் வாடகை, இரண்டும் முழுசாக! தலைக்கு 8,000 ரூபாய். சாவி கிடைத்ததே போதும் என்று பையன்கள் கட்டிவிட்டார்கள்.

ஆடியில் ஆள் குடிபுகக் கூடாதாம். வாடகை மட்டும் ஆடியிலேயே வலது காலை எடுத்து வைத்து உள்ளே வரலாமாம்! இந்தப் பஞ்சாங்கத்தை எழுதியவர் யார்?

சட்டம் என்ன சொல்கிறது?

"அட்வான்ஸை வாங்கிய பிறகு வீட்டுக்காரர் வைத்ததுதான் சட்டம்" என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தவறு தோழர்களே!

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 108-வது பிரிவு வீட்டுக்காரருடைய கடமைகளைச் சொல்கிறது. குடிவருபவர் கேட்டதும் வீட்டை அவர் வசம் ஒப்படைப்பது அவற்றில் ஒன்று. பழைய குடித்தனக்காரரைக் காலி செய்ய வைப்பது வீட்டுக்காரர் பாடு. அந்தப் பாட்டைப் படிக்க வந்த பிள்ளைகளின் தலையில் இறக்கி வைக்க அவருக்கு உரிமை இல்லை.

1966-ல் கல்கத்தா வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. வாடகைக்குப் பேசிய வீட்டில் ஒரு படுக்கையறையை வீட்டு உரிமையாளர் ஒப்படைக்கவில்லை. வாடகையை மட்டும் முழுசாகக் கேட்டார். கையில் கிடைத்த பகுதிக்கு ஏற்ற வாடகைதான் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஓர் அறை குறைந்தாலே வாடகை குறையும் என்றால், வீடே கைக்கு வராத ஐம்பது நாளுக்கு முழு வாடகை எந்த நியாயத்தில்?

இன்னொன்று, 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். குறித்த நாள் முக்கியம் என்று பேசிச் செய்த ஒப்பந்தத்தில் ஒருவர் நாள் தவறினால், மற்றவர் அதை ரத்து செய்து கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், நட்டத்தையும் கேட்கலாம். இது 55-வது பிரிவு. ஆனால் அதே பிரிவில் ஒரு கண்ணியும் இருக்கிறது. தாமதமாக வந்ததை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால், தாமதத்தால் வந்த நட்டத்தைப் பிறகு கேட்க முடியாது. வாங்கும்போதே "நட்டத்தைக் கேட்கும் உரிமையை நான் விடவில்லை" என்று தெரிவித்திருக்க வேண்டும். நம் பையன்கள் சறுக்கியது இங்கேதான். லாட்ஜுக்குக் கொடுத்த பணம் அந்தச் சறுக்கலில் போயிற்று.

யாருக்காக எழுதிய சட்டம்?

பழைய 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் "நியாய வாடகை" என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது வாடகை என்பது இருவரும் ஒத்துக்கொண்ட தொகை. ஒருவருக்கு நான்கு வீடு, ஒருவருக்கு நிற்க நிழல் இல்லை. இந்த இருவரும் சரிசமமாக உட்கார்ந்து "ஒத்துக்கொள்கிறார்களாம்"!

மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்று புதுச் சட்டம் சொல்கிறது. நல்லது. ஆனால் அந்த வாசகத்தின் தலையிலேயே, வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் நுழைவது அந்தச் சந்து வழியாகத்தான்.

காலம் முடிந்தும் வெளியேறாத குடித்தனக்காரரிடம் இரட்டை வாடகையை இழப்பீடாகக் கேட்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குறித்த நாளில் சாவி தராத வீட்டுக்காரருக்கு அதுபோல ஒரு வரி எங்கே? வெளியே போகத் தாமதித்தால் அபராதம். உள்ளே விடத் தாமதித்தால் ஆடி மாதம்! தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் எல்லோரும் ஜமீன்தார்கள் அல்லர். வைப்புநிதிப் பணத்தில் மாடியில் ஓர் அறை எழுப்பி, அதன் வாடகையில் வயோதிகக் காலத்தைத் தள்ளும் தொழிலாளர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்கிறோம்: பழைய ஆள் போகும் முன் புது ஆளிடம் பணம் வாங்காதீர்கள். வாங்கினால், சாவி தரும் நாளிலிருந்து வாடகையைக் கணக்கிடுங்கள். ஆலை முதலாளியிடம் நாம் கேட்கும் நியாயத்தை நம் வீட்டு வாசலில் நாமே மறக்கலாமா?

தோழர்கள் செய்ய வேண்டியது

பணம் கொடுக்கும் முன்னால் ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். "இன்ன தேதியில் சாவி, சாவி தந்த நாளிலிருந்தே வாடகை. இத்தனை நாளுக்குள் தராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும்." இந்த இரண்டு வரிக்கு மறுக்கிறவர், சொன்ன தேதியில் சாவி தரும் எண்ணம் இல்லாதவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

18 வயது நிரம்பாத பிள்ளை போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. தகப்பனோ தாயோ கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தை அரசின் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்; பதிவாகாத தாளை நாளைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாமல் போகும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் எழுந்திருக்காதீர்கள்.

நாள் தவறினால் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிராமல் அன்றே ஒரு கடிதம் எழுதி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். "சாவி தாருங்கள்; தரும் வரை வாடகை இல்லை; லாட்ஜ் செலவு உங்கள் கணக்கில்." லாட்ஜ் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தாமதமாகச் சாவி வாங்கும்போதும் அதையே மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

தனியார் விடுதியில் கட்டில் பேசிப் பணம் கட்டி, குறித்த நாளில் இடம் தராமல் இழுத்தடித்தால், அது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்திலும் முறையிடலாம்.

வக்கீலுக்குப் பணம் ஏது என்று மலைக்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த ஆணைக்குழு இருக்கிறது. ஒப்பந்தம் தொழிலாளியான தகப்பன் பெயரில் இருந்தால், அந்தக் கதவையும் அவரே தட்டலாம்.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. சாவி தராத நாளுக்கு வாடகை இல்லை, இழப்பீடு உண்டு என்று 2017-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுத வேண்டும். மூன்று மாத அட்வான்ஸ் வரம்பில் உள்ள சந்தை அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அரசு மாணவர் விடுதிகள் பெருக வேண்டும். விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருந்தால் அந்தத் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்குமா?

நம் தோழர் கேட்ட கேள்விக்குச் சங்கத்தில் சொன்ன பதில் இதுதான்: "ஏமாந்தது உண்மை. உலகமே இப்படித்தான் என்பது பொய்." அன்றே உட்கார்ந்து வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினோம். நான்கு பையன்களின் பெற்றோரும் கையெழுத்திட்டார்கள். ஐம்பது நாள் வாடகையைக் கழித்துக்கொண்டு மேல்வாடகை தருவோம் என்று அதில் கண்டிருக்கிறது. பேசித் தீர்ந்தால் நல்லது, தீராவிட்டால் வழக்கு.

அடுத்த ஆண்டும் கல்லூரி திறக்கும், ஆடியும் வரும். அதற்கு முன்னால் ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் இதைப் படித்துக் காட்டுங்கள். சாவி வந்த நாள்தான் வாடகை பிறந்த நாள்!