மருந்துச் சோப்பும் உவர்க் கிணற்று நீரும்

கத்தரி, வெண்டை, செம்பருத்தி முதலிய செடிகளில் அசுவினி, மாவுப்பூச்சி, செதிற்பூச்சி ஆகியவை கண்டால் மீனெண்ணெய் ரோசின் சோப்பைக் கரைத்துத் தெளிப்பது குடியானவர்கள் அறிந்த முறையே. ஆயினும் எண்ணூர், மீஞ்சூர்ப் பக்கங்களில் ஒரே சோப்பை ஒரே அளவில் கரைத்தும், ஒரு தோட்டத்தில் பூச்சி மடிய, அடுத்த தோட்டத்தில் மடியாமற் போகக்கூடும். குற்றம் சோப்பினுடையதன்று; கரைத்த நீரினுடையது.

புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும், தயிரிலுள்ள லாக்டிக் அமிலமும், காடியிலுள்ள அசெடிக் அமிலமும் கார்பாக்ஸிலிக் அமிலங்கள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களும், ரோசினிலுள்ள அமிலங்களும் அக்குடும்பத்தினவே. இவை நீரில் கரைவதில்லை. ஆதலால் புளிப்பும் தோன்றுவதில்லை. காரத்துடன் காய்ச்சினால் இவ்வமிலங்கள் காரத்தோடு கூடி நீரில் கரையும் உப்பாகின்றன. அதுவே சோப்பு. அதன் ஒரு முனை நீரையும் மறுமுனை மெழுகையும் பற்றுவதால், பூச்சியின் மெழுகுப் போர்வையை நனைத்து ஊடுருவி அதனைக் கொல்லுகிறது. தானூரில் மத்தி மீனெண்ணெயைக் கொண்டு சோப்புச் சோதனைகள் நடத்திய சென்னை அரசாங்கத்தார், 1914-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் சோப்புச் சாலை நிறுவினர்.

சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த நீரில் கொழுப்பமிலம் காரத்தை விட்டு அவற்றோடு சேர்ந்து, கரையாத திப்பியாகிறது. மருந்தும் வீண்; தெளிப்பானும் அடைபடும். உப்பு மிகுந்தாலும் சோப்பு பிரிந்து மிதக்கும். சோப்புக் காய்ச்சுவோர் உப்பிட்டுச் சோப்பைப் பிரித்தெடுப்பது இவ்வியல்பைக் கொண்டே. கடல்நீரில் இக்கேடுகள் எல்லாம் உண்டு. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால், மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் கிணறுகளிற் புகுந்தது 1969-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது.

ஆகவே குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கிணற்று நீரை ஒரு சீசாவிலும், மழைநீரை மற்றொன்றிலும் சம அளவு எடுத்து, இரண்டிலும் சிறிது சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்குக. நுரை நில்லாமல் திப்பி படியும் நீர் தெளிப்புக்கு உதவாது.

2. அத்தகைய இடங்களில் மழைநீரையோ நல்ல ஏரி நீரையோ சேமித்து வைத்து, அதில் மட்டுமே சோப்பைக் கரைக்க வேண்டும். சோப்பைக் கூட்டுவதால் உவர்நீரின் குறை தீராது.

3. லிட்டருக்கு 25 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஆறியபின் மாலையில், இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்கவும். முதலில் சில இலைகளில் தெளித்துக் கருகல் இல்லையென்று அறிந்தே மற்றவற்றுக்குத் தெளிக்கவும்.

4. புளித்த மோர் முதலிய அமிலப் பொருள்களைக் கரைசலில் கலக்கலாகாது. அமிலம் சேர்ந்தால் சோப்பு மீண்டும் கரையாத கொழுப்பமிலமாகிவிடும்.

கிராம அதிகாரிகள் இச்சீசாச் சோதனையைத் தத்தம் ஊர்ப் பொதுக்கிணறுகளில் கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் செய்வித்து, முடிவைக் குடிகளுக்குத் தெரிவித்தால், மருந்துக்கு இடும் பணம் பயனின்றிக் கழியாது.