தும்மலுக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே!

சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தக் காலேஜ் வாசல் மெடிக்கல் ஷாப்புக்கு வேணும்னாலும் போய் நில்லுங்க. “அண்ணே, மூக்கு ஒழுகிட்டே இருக்கு, ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே” என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

“காய்ச்சல் இருக்கா தம்பி?”

“இல்லண்ணே, தும்மல்தான்.”

அண்ணன் திரும்பிப் பார்க்காமலே மூணு டப்பாவுக்குள் கையை விடுவார். கத்திரிக்கோல் சரக் சரக்! ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு குட்டி ரோஸ். பிரவுன் கவரில் போட்டு, “நைட் ஒரு செட், காலைல ஒரு செட், சாப்ட்டுட்டுப் போடு!” மொத்த வைபவமும் ஒரு நிமிஷத்துக்குள் ஓவர்.

கவருக்குள் என்ன இருக்குன்னு வாங்கினவனைக் கேட்டா, “வெள்ளை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு”ம்பான். ஸ்ட்ரிப்பை வெட்டும்போது பெயர், தேதி எல்லாம் கடைப் பக்கமே தங்கிடுது. நம்ம கைக்கு வர்றது பளபளன்னு ஒரு சதுரத் துண்டு. மெமரி கார்டு வாங்கப் போனாலே “கிளாஸ் எத்தனை, ஸ்பீடு எவ்வளவு”ன்னு கடைக்காரரைக் குடையற நாம, வயித்துக்குள்ளே போற சமாச்சாரத்தில் மட்டும் இவ்வளவு நல்ல பிள்ளையா இருக்கோமே, ஏன்?

இன்னொரு விஷயம். ஓ.டி.சி. என்று ஒரு மருந்து வகையை நம்ம 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டம் தனியா சொல்லவே இல்லை. கேட்டதும் கவுன்டரில் கிடைக்குது என்பதாலேயே ஒரு மாத்திரை சாது ஆயிடாது!

கொஞ்சமே கொஞ்சம் பயாலஜி. (பிளஸ் டூவோடு பயாலஜிக்கு டாட்டா காட்டிய கோஷ்டியும் தைரியமா படிக்கலாம்!) ஹாஸ்டல் தலையணைத் தூசி, அதுக்குள் குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனப் பூச்சி, கிரவுண்டு ஓரத்துப் பார்த்தீனியம், சீமைக்கருவேல மகரந்தம்... இதில் ஏதோ ஒண்ணு ஆகாதவங்க உடம்புக்குள் போனதும், மாஸ்ட் செல் என்கிற செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அது ஹெச்-1 என்கிற சீட்டில் போய் உட்கார்ந்தா தும்மல், அரிப்பு, தண்ணியா ஒழுகும் மூக்கு. ஆன்ட்டிஹிஸ்டமின் மாத்திரை செய்யற வேலை சிம்பிள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே டெக்னிக்! அது முதல்ல சீட்டைப் பிடிச்சுட்டா ஹிஸ்டமின் ஸ்டாண்டிங்தான். இதுக்கு வழி போட்டவர் டேனியல் போவே. 1937-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய இந்த வேலையும் சேர்ந்துதான் 1957-ல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது.

வில்லங்கம் எங்கேன்னா, இதே ஹிஸ்டமின்தான் மூளைக்குள் நம்மை முழிச்சிருக்க வைக்கிற ஆள். பழைய தலைமுறை மாத்திரைகள் மூளைக்குள்ளும் நுழைஞ்சு அங்கேயும் துண்டு போட்டுடும். அப்புறம் என்ன, ஃபர்ஸ்ட் அவரிலேயே கொர்ர்ர்!

குளோர்பெனிரமின், ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஹைட்ராக்சிசின்... இவங்கதான் அந்தப் பழைய கோஷ்டி. இதில் குளோர்பெனிரமின் கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். அதன் அரை ஆயுள் பெரியவங்களுக்கு சுமார் 20 மணி நேரம் (ஆளுக்கு ஆள் மாறும்). செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பத்து மணிக்குப் போட்டா, மறுநாள் காலை பத்து மணிக்குக் கேள்வித்தாளை வாங்கும்போது ஏறக்குறைய மூணில் ரெண்டு பங்கு இன்னும் உடம்பிலேயே இருக்கும். “நைட்டுதானே போட்டேன், காலைல ஏன் எதுவும் மண்டையில ஏறல?”ன்னு புலம்பறவங்களுக்கு விடை இதுதான்.

“எனக்கெல்லாம் தூக்கமே வராது மச்சி”ன்னு சவால் விடற பார்ட்டிகளுக்கும் ஒரு சேதி இருக்கு. 2000-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அலர்ஜி உள்ள 40 பேரை டிரைவிங் சிமுலேட்டரில் உட்கார வெச்சாங்க. டைஃபென்ஹைட்ரமின் போட்டுட்டு ஓட்டினப்போ, ரத்தத்தில் சுமார் 0.1 சதவிகிதம் ஆல்கஹாலோடு ஓட்டினதைவிட மோசமா ஓட்டினாங்க. ஃபெக்ஸோஃபெனடின் போட்டப்போ, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை போட்ட மாதிரியே நார்மல். இதில் முக்கியமானது, யாருக்கு எவ்வளவு தூக்கம் வருதுன்னு அவங்க சொன்னதை வெச்சு, யார் எவ்வளவு மோசமா ஓட்டுவாங்கன்னு சரியா கணிக்க முடியலை. அதாவது, கண்ணு சொக்காமலே ரிஃப்ளெக்ஸ் மந்தமாகலாம். பைக்கை எடுத்துட்டு ஹைவேஸில் காலேஜுக்குப் போறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

சரி, புதுத் தலைமுறை? செடிரிசின், லீவோசெடிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின். பொதுவா ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை போதும். இதில் செடிரிசின் கொஞ்சம் அரை கேஸ். 10 மில்லிகிராம் எடுத்துக்கிட்டவங்களில் நூற்றுக்கு சுமார் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம். டம்மி மாத்திரை போட்டவங்களிலும் 6 பேருக்கு அதே கலக்கம்! அதனால், முதல் மாத்திரையை வேலையில்லாத ஒரு ராத்திரியில் போட்டுப் பார்த்து, நம்ம உடம்பு எந்தக் கட்சின்னு தெரிஞ்சுக்கிறது பெட்டர். லீவோசெடிரிசின் ஏதோ புதுசு இல்லை. செடிரிசின் மூலக்கூறு வலது கை, இடது கை மாதிரி ரெண்டு வடிவக் கலவை. வேலை செய்யற கையை மட்டும் பிரிச்செடுத்தா லீவோ. அதனால்தான் அது 5 மில்லிகிராம். ரெண்டையும் சேர்த்துப் போடறது ஒரே மருந்தை ரெண்டு தடவை போடறதுதான்.

பரீட்சை, டிரைவிங்னு இருக்கிறவங்களுக்கு என் ஓட்டு ஃபெக்ஸோஃபெனடினுக்கு. மூளைப் பக்கம் அனேகமா எட்டியே பார்க்காது. ஆனா, ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினா உடம்பில் சரியா சேராது. பச்சைத் தண்ணிதான் பெஸ்ட். வயித்தெரிச்சலுக்கு ஜெலுசில் வகையறா குடிச்சிருந்தாலும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். இதோட அப்பா டெர்ஃபெனடின், இதயத் துடிப்பைக் குழப்பினதால் 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் மார்க்கெட்டை விட்டே போனவர். உடம்புக்குள் அவர் மாறுகிற பொருள்தான் இந்த சமர்த்துப் பிள்ளை!

இனி அந்த பிரவுன் கவருக்கு வருவோம்.

வெள்ளை மாத்திரை பெரும்பாலும் ‘கோல்டு மாத்திரை’. பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் மூணும் ஒரே வண்டியில். காய்ச்சலே இல்லாத தும்மலுக்குப் பாராசிட்டமால் எதுக்கு? தலைவலின்னு தனியா ஒரு பாராசிட்டமால் வேற போட்டிருந்தா, தெரியாமலே டபுள் டோஸ். மூக்கடைப்புக்காக சேர்க்கிற ஃபினைலெஃப்ரின் கதை இன்னும் ஜோர். வாய் வழியா சாப்பிட்டா அது மூக்கடைப்புக்கு வேலை செய்யலைன்னு அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதா சொல்லிடுச்சு. 2024 நவம்பரில் எஃப்.டி.ஏ. அதைப் பட்டியலில் இருந்தே தூக்கலாம்னு முன்மொழிஞ்சது. ஆக, அந்த மாத்திரையில் மூக்கடைப்புக்குன்னு இருக்கிற பங்கு சும்மா டிக்கெட் இல்லாத பயணம்.

அடுத்தது, லீவோசெடிரிசினோடு மான்டிலூகாஸ்ட் சேர்ந்த ஜோடி மாத்திரை. “தும்மலுக்கு இது சூப்பர்”னு ரூமுக்கு ரூம் கை மாறுகிற அயிட்டம் இது. மான்டிலூகாஸ்ட் டாக்டர் சீட்டு மருந்து. கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு, அபூர்வமா தற்கொலை எண்ணம் வரைக்கும் வரலாம்னு 2020 மார்ச்சில் எஃப்.டி.ஏ. தன்னோட உச்சபட்ச எச்சரிக்கையான கறுப்புப் பெட்டிக்குள் இதைப் போட்டது. சாதாரண மூக்கு அலர்ஜிக்கு மத்த மருந்துகள் சரிப்படாதப்போ மட்டும் யோசிங்கன்னும் சொன்னது. ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதித் தந்து சாப்பிடறவங்க பயந்துபோய் தானா நிறுத்த வேண்டாம், அவரிடமே பேசுங்க. ஆனா, ஹாஸ்டலில் ஏற்கெனவே தூக்கம் கெட்டு, அரியர் டென்ஷனில் இருக்கிற ஒருத்தனுக்கு இதை மிட்டாய் மாதிரி நீட்டறது சரியான்னு யோசிங்க. அவன் மூட் அவுட் ஆனா ‘லவ் ஃபெயிலியர்’னு கிண்டல் பண்ணுவோமே தவிர, மாத்திரையை யார் சந்தேகப்படப் போறாங்க?

அந்தக் குட்டி ரோஸ்? அது டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். கேட்கலைன்னா தெரியாது. ஒரே நாளில் தும்மல், அரிப்பு எல்லாம் காலி. “அந்தக் கடை மாத்திரை செம எஃபெக்ட்டு”ன்னு பேரும் கிடைக்கும். தொடர்ந்து போட்டா சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை எல்லாம் ஏறும். உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டும் குறைஞ்சுடும்.

அதனால் கடையில் கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: “அண்ணே, பேர் தெரியற மாதிரி வெட்டிக் குடுங்க, பில்லும் குடுங்க.” பில்லில் மருந்து பேர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எல்லாம் வந்துடும். மேலே கொட்டை எழுத்தில் இருக்கிற பிராண்டை விட்டுட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பெயரைப் படிங்க. இடது பக்கம் சிவப்புக் கோடு இருந்தா அது டாக்டர் சீட்டு அயிட்டம். மருந்துப் பெயர் தெரிஞ்சா பர்ஸுக்கும் லாபம். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் ரெண்டிலும் ஜெனரிக் மருந்து பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க.

மூக்கு சுத்தமா அடைச்சுக்கிச்சுன்னா ஆன்ட்டிஹிஸ்டமின் மட்டும் பெருசா உதவாது. உடனே கை போவது சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துக்கு. போட்ட அஞ்சு நிமிஷத்தில் சொர்க்கம்! ஆனா மூணு நாள், மிஞ்சினா அஞ்சு நாள். அதைத் தாண்டினா சொட்டு இறங்கினதும் முன்னைவிட மோசமா அடைக்கும். அதுக்காக மறுபடி சொட்டு... பாக்கெட்டில் பேனா இல்லாட்டியும் இந்த பாட்டில் இருக்கிற ஆசாமிகளை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். நாள்பட்ட அடைப்புக்கு நல்லா வேலை செய்யறது ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற மூக்கு ஸ்பிரேதான். ஸ்டீராய்டுன்னாலும் மூக்கோடு நின்னுடற சின்ன டோஸ். டாக்டரைக் கேட்டு வாங்கி, தினமும் அடிச்சா சில நாளில் பலன் தெரியும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை; நடுச்சுவர் பக்கம் அடிக்காம வெளிப்பக்கமா அடிக்கணும். உப்புத் தண்ணியில் மூக்கைக் கழுவறதும் நல்லதுதான், ஆனா கொதிக்க வெச்சு ஆறின தண்ணி மட்டும். ஹாஸ்டல் குழாய்த் தண்ணி கூடவே கூடாது.

தோல் அரிப்புக்கு காலமைன் லோஷன். கண் அரிச்சா குளிர்ந்த தண்ணி ஒத்தடம். ரூம்மேட்டோட பழைய கண் சொட்டு மருந்தைத் தொடவே தொடாதீங்க, அதில் ஸ்டீராய்டு இருந்தா கண் அழுத்தம் ஏறும்.

உதடு, நாக்கு வீங்குது, மூச்சு இழுக்குது, தலை சுத்துதுன்னா மாத்திரை தேடி நேரத்தைக் கொல்லாதீங்க. அதுக்கு உடனே வேண்டியது அட்ரினலின் ஊசி. 108-ஐக் கூப்பிடுங்க.

மாசக்கணக்கில் தினமும் செடிரிசின் போட்டே காலம் தள்ளறவங்களுக்கும் ஒரு தகவல். அப்படி எடுத்துட்டு நிறுத்தினப்போ, அபூர்வமா சிலருக்குக் கடுமையான அரிப்பு வந்ததா எஃப்.டி.ஏ. 2025 மே மாதம் சொல்லியிருக்கு. ரெண்டு வாரத்துக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டா அரசு ஆஸ்பத்திரி இ.என்.டி. ஓ.பி.க்கு ஒரு நடை போயிடுங்க. எது அலர்ஜின்னு கண்டுபிடிக்கத் தோலில் குத்திப் பார்க்கிற டெஸ்ட் எழுதித் தந்தா, அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஆன்ட்டிஹிஸ்டமினை நிறுத்தச் சொல்வாங்க. எந்தத் தேதியில் நிறுத்தணும்னு மறக்காம அங்கேயே கேட்டுக்கோங்க. அதுக்கும் நீங்க என்ன மாத்திரை போடறீங்கன்னு பெயர் சொல்லணுமே!