கொழுத்த குட்டியைத் தேடி வரும் நோய்

மாலையில் மற்ற குட்டிகளை முட்டித் தள்ளிவிட்டுத் தீவனம் தின்ற பன்றிக்குட்டி, காலையில் செத்துக் கிடக்கும். காய்ச்சல் இராது, பெரும்பாலும் கழிச்சலும் இராது. பக்கத்தில் இன்னொன்று குடிகாரனைப்போலத் தள்ளாடும். இமை தடித்திருக்கும். கத்தினால் குரல் கம்மும். குரல்வளையிலும் நீர் கோத்திருப்பதுதான் காரணம். பால் மறக்கடித்த ஓரிரு வாரத்தில் வரும் வீக்க நோய் இது. அயர்லாந்தில் 1938இல் முதன்முதலாகப் பதிவானது. நோஞ்சானை விட்டுவிட்டு, நன்றாகத் தேறிய குட்டியைத்தான் பெரும்பாலும் பிடிக்கும். பன்றி வளர்ப்போரின் வயிற்றெரிச்சலே அதுதான்.

காரணம் ஈ.கோலை என்னும் குடல் கிருமி. எல்லா ஈ.கோலையும் அல்ல, எஃப்18 என்னும் நுண்ணிழைகளால் குடலைப் பற்றிக்கொண்டு, ஷிகா நச்சு 2இ-யைச் சுரக்கும் வகை மட்டும். பிறந்த குட்டியின் சிறுகுடலில் அந்த இழைகள் பற்றிக்கொள்ள இடமில்லை. மூன்று வார வயதை ஒட்டித்தான் அது உருவாகிறது. தாய்ப்பாலின் காப்பும் ஏறக்குறைய அப்போதே நின்றுபோகிறது. புதுத் தீவனம், புது இடம், பழகாத குட்டிகளோடு சண்டை எல்லாம் சேர்ந்துகொள்ள, கிருமிக்குக் கொண்டாட்டம். அது கக்கும் நச்சு இரத்தத்தில் ஏறி நுண்நாளங்களின் உட்சுவரைச் சிதைக்கிறது. அங்கிருந்து கசியும் நீர் இமையிலும் மூளையிலும் தேங்குகிறது. செத்த குட்டியை அறுத்தால், இரைப்பைச் சுவர் நீர் கோத்துத் தடித்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தள்ளாடத் தொடங்கிய குட்டிக்கு ஊசி போட்டுப் பெரிய பயனில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். இரத்தத்தில் ஏறிவிட்ட நச்சை ஒன்றும் செய்யாது. ஆகவே வைத்தியம் அதே கொட்டகையில் நன்றாக இருக்கும் மற்ற குட்டிகளுக்குத்தான். தீவனத்தை உடனே குறைத்து, பிறகு சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். புரதத்தைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுவதும் உதவும். குடிநீரில் மருந்து கலப்பதானால், எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்று ஆய்வகம் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த காலம் முடிந்தது: உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுப்பதை இந்தியா 2019இல் தடைசெய்தது, பால் மறந்த குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்தியது.

உருப்படியான வழி தடுப்பூசிதான். வீரியம் நீக்கிய அதே நச்சால் செய்தது. ஐரோப்பாவில் 2013இல் அனுமதி பெற்றது. பிறந்த நாலாம் நாளிலிருந்தே ஒரே ஊசியாகப் போடலாம். அது கைக்கு எட்டாத இடத்தில், முதல் குட்டி செத்த அன்றே மற்றவற்றின் தீவனத்தைக் குறையுங்கள். செத்ததைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.