மூணு நாள் ஜிம் போகலைன்னா மசில் போயிடுமா?

இந்த எபிசோடை ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் இருந்து பேசுறேன். கூட வந்த நண்பனுக்கு ஒரே கவலை: "இங்க ஜிம் இல்லையே, சேர்த்த மசில் போயிடுமா?" போகாது. ஏன்னு சொல்றேன்.

2011இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. வாரம் 3 நாள் வீதம் 16 வாரம், கால்களுக்கு எடைப் பயிற்சி. அடுத்த 32 வாரம், ஒரு பிரிவினருக்கு வாரத்தில் ஒரே நாள், ஒவ்வொரு பயிற்சியிலும் மூணு செட்டுக்குப் பதிலா ஒரே செட். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு வேலை. 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, சேர்த்த தசையைத் தக்கவைக்க அதுவே போதுமானதா இருந்தது. 60 தாண்டியவர்களுக்குப் போதவில்லை.

வளர்க்கத்தான் நேரம் நிறைய வேணும். காப்பாத்த கொஞ்சம் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் வாரம் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சின்னுதான் சொல்லுது.

அதனால ரிலீஸ் வாரமோ, தங்கச்சி கல்யாணமோ, அம்மாவோட ஆஸ்பத்திரி அலைச்சலோ வந்தா பயிற்சியை மொத்தமா விட்டுடாதீங்க. செட்டைக் குறைங்க, நாளைக் குறைங்க. தூக்குற எடையை மட்டும் முடிஞ்சவரை குறைக்காதீங்க. ஊருக்குப் போறதா இருந்தா, குற்ற உணர்ச்சி இல்லாம போயிட்டு வாங்க.