திரையில தெரியறது ஒண்ணு, உள்ளே இருக்கறது ஒண்ணு

இந்த எபிசோடுல கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸும் கிடையாது. வேர்டு, எக்ஸெல், ஃபைல், ஃபோல்டர், அவ்வளவுதான். "இதுக்கு ஒரு எபிசோடா?"ன்னு நினைக்கிறவங்க ஒரு பத்து நிமிஷம் பொறுமையா கேளுங்க.

போன மாசம் பி.காம் ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. காலேஜ்ல ஆபீஸ் சாஃப்ட்வேர் பேப்பர் இருக்கு, மார்க்கும் வந்துடுது, ஆனா யாராவது உண்மையான ஒரு வேலையைக் கொடுத்து "செஞ்சு கொடு"ன்னு சொன்னா பயமா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. அந்தப் பயம் நியாயமானது. ஏன்னா எனக்கு அந்தப் பயம் இல்லாததாலதான் ஒரு தப்பு நடந்துச்சு. அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

கடைசி இலக்கம்

நான் 2014-ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். முதல் வருஷத்துல கம்ப்யூட்டர் பிராக்டிசஸ் லேப் உண்டு. சி புரோகிராமுக்குப் போறதுக்கு முன்னாடி வேர்டு, எக்ஸெல், மெயில் மெர்ஜ் எல்லாம் சொல்லித் தருவாங்க. ரெக்கார்டு நோட்டுல ஒரு பக்கம் 'எய்ம்', 'புரொசீஜர்', 'ரிசல்ட்'னு எழுதணும். எதிர்ப் பக்கத்துல பிரிண்ட் அவுட் ஒட்டணும். எந்த மெனுவுல எந்த பட்டன்னு வரிசையா மனப்பாடம் பண்ணுவோம். எனக்கு அந்த லேப்ல நல்ல மார்க்.

அந்தத் தைரியத்துல, ஒரு கல்வி உதவித்தொகைக்காக எங்க கிளாஸ் பசங்களோட பேங்க் அக்கவுண்ட் லிஸ்ட்டை டைப் பண்ற வேலையை நானே கேட்டு வாங்கினேன். பாஸ்புக்கைப் பார்த்துப் பார்த்து எக்ஸெல்ல அடிச்சேன். சில நம்பர் மட்டும் நடுவுல புள்ளியும் 'இ பிளஸ் 15'-ம் போட்டு விசித்திரமா தெரிஞ்சது. லேப்ல படிச்ச மாதிரியே ஃபார்மேட் செல்ஸ் போய் 'நம்பர்'னு மாத்தி, தசம இடத்தைப் பூஜ்யம் ஆக்கினேன். முழு நம்பரும் வரிசையா வந்துடுச்சு. அப்படியே பிரிண்ட் எடுத்து ஆபீஸ்ல கொடுத்துட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எல்லாருக்கும் பணம் வந்தது, ரெண்டு பேருக்கு மட்டும் வரலை. அதுல ஒருத்தன் என் ரூம்மேட். அந்தப் பணத்தை நம்பித்தான் அவன் மெஸ் பில்லைப் பாக்கி வெச்சிருந்தான். பில் கட்டினாத்தான் ஹால் டிக்கெட். அவங்க அம்மா தோட்டை அடகு வெச்சுப் பணம் அனுப்பினாங்க. அவன் பேங்குக்கு மூணு தடவை நடந்தான். அங்கே எந்தத் தப்பும் இல்லை.

கடைசியா ஆபீஸ்ல கூப்பிட்டு, "தம்பி, இப்படி ஒரு அக்கவுண்டே இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க"ன்னு சொன்னாங்க. பாஸ்புக்கையும் பிரிண்ட் அவுட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். பாஸ்புக்ல கடைசி இலக்கம் 7. என் லிஸ்ட்டுல 0. நான் 7-தான் அடிச்சேன்னு எனக்கு நல்லா தெரியும். லேப்புக்கு ஓடிப்போய்த் திரும்ப அடிச்சுப் பார்த்தேன். 7 அடிச்சு என்டர் தட்டினா, என் கண்ணு முன்னாடியே அது 0 ஆச்சு.

என்ன நடந்ததுன்னா, எக்ஸெல் ஒரு எண்ணுல முதல் 15 இலக்கத்தைத்தான் பத்திரமா வெச்சுக்கும். 16-வது இலக்கம் வந்தா அதைப் பூஜ்யம் ஆக்கிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எங்க லிஸ்ட்டுல 16 இலக்க அக்கவுண்ட் மூணு பேருக்கு இருந்தது. ஒருத்தன் நம்பர் ஏற்கெனவே 0-ல முடிஞ்சதால தப்பிச்சான். மத்த ரெண்டு பேர் மாட்டினாங்க.

அன்னைக்கு நான் கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோடு. கம்ப்யூட்டர்ல திரையில தெரியறது ஒண்ணு, உள்ளே இருக்கறது ஒண்ணு. ரெண்டும் எப்போ ஒத்துப்போகும், எப்போ ஒத்துப்போகாதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் அடிப்படைக் கம்ப்யூட்டர் அறிவு. பட்டன் எங்கே இருக்குன்னு தெரியறது அதுக்கு அடுத்ததுதான். வெர்ஷன் மாறினா பட்டனோட இடம் மாறும், இந்த விஷயம் மாறாது. இதை நாலு இடத்துல வெச்சுப் பார்க்கலாம்.

ஒண்ணு: செல்லுக்குள்ள என்ன இருக்கு?

எக்ஸெல்ல ஒரு கட்டத்துல நீங்க எதை அடிச்சாலும், "இது எண்ணா, தேதியா, எழுத்தா?"ன்னு அது தானே முடிவு பண்ணும். ஃபோன் நம்பர், ஆதார், ரோல் நம்பர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் பேர்லதான் நம்பர். ரெண்டு பேரோட ஃபோன் நம்பரைக் கூட்டினா ஏதாவது அர்த்தம் இருக்கா? கூட்டிப் பார்க்க அர்த்தம் இல்லாத எதுவுமே எண் கிடையாது, அது எழுத்து. அதனால அடிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்'னு மாத்திடுங்க. அடிச்ச பிறகு மாத்தினா போன இலக்கம் திரும்பி வராது. முன்னாடி இருக்கற பூஜ்யங்களும் இப்படித்தான் காணாமப் போகும். 007-னு ரோல் நம்பர் அடிச்சா வெறும் 7 நிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. நீங்க அலைன்மென்ட்டைத் தொடாத வரைக்கும் எண் வலது பக்கம் ஒட்டும், எழுத்து இடது பக்கம் ஒட்டும். மார்க் லிஸ்ட்டுல ஒரே ஒரு மார்க் மட்டும் இடது பக்கம் நிக்குதுன்னா ஜாக்கிரதை. அது எழுத்தா பதிவாகியிருக்கு. 'சம்' ஃபார்முலா அதைக் கூட்டாம தாண்டிப் போயிடும், எரரும் காட்டாது.

தேதியும் அப்படித்தான். 2025 ஜனவரி 1-ஐ எக்ஸெல் 45658-னு ஒரு எண்ணாத்தான் வெச்சிருக்கு. 1900 ஜனவரி 1-ஐ 1-னு வெச்சு நாள் கணக்கு எண்ணிக்கிட்டே வருது. அதனாலதான் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழிக்க முடியுது. அதே காரணத்தால, தேதி மாதிரி தெரியற எதையும் அது தேதியா மாத்திடுது. மனித மரபணுக்கள்ல 'மார்ச்1'னு ஒண்ணு இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அடிச்சா எக்ஸெல் அதை மார்ச் மாசம் ஒண்ணாம் தேதி ஆக்கிடும். கடைசியில 2020-ல மரபணுக்களுக்குப் பேர் வைக்கிற சர்வதேசக் குழு, அந்த மாதிரிப் பேர்களையே மாத்திடுச்சு.

ரெண்டு: ஃபார்முலா எதுவரைக்கும் போகுது?

விடை சரியா தெரியறதுக்கும் சரியா இருக்கறதுக்கும் வித்தியாசம் உண்டு. ஹார்வர்டு பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ரெண்டு பேரும் 2010-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு நாட்டோட கடன், அதன் மொத்த உற்பத்தியில 90 சதவீதத்தைத் தாண்டினா வளர்ச்சி விழுந்துடும்னு அது சொல்லுச்சு. அரசுச் செலவைக் குறைக்கணும்னு வாதாடினவங்க பலரும் அதை மேற்கோள் காட்டினாங்க.

தாமஸ் ஹெர்ண்டன்னு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஒரு ஆராய்ச்சி மாணவர். வகுப்புல ஒரு அசைன்மென்ட்: பிரபலமான ஒரு கட்டுரையை எடுத்து, அதே விடை வருதான்னு போட்டுப் பாருங்க. அவருக்கு வரலை. ஆசிரியர்கள்கிட்டேயே கேட்டு அந்த எக்ஸெல் ஃபைலை வாங்கிப் பார்த்தார். 49-வது வரிசை வரைக்கும் எடுக்க வேண்டிய சராசரி, 44-லேயே நின்னிருந்தது. 20 நாடுகள்ல அஞ்சு நாடு கணக்குலயே வரலை. 2013-ல அவரும் அவரோட பேராசிரியர்களும் இதை வெளியிட்டாங்க. கட்டுரையில இது ஒண்ணு மட்டும் பிரச்சினை இல்லை, வேற விமர்சனங்களும் அதுல இருந்தது. எக்ஸெல் தப்பை மட்டும் அந்த ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டாங்க.

நமக்கு இதுல பாடம், விடை இருக்கற கட்டத்தை டபுள் கிளிக் பண்ணுங்க. ஃபார்முலா எந்தெந்தக் கட்டத்தை எடுக்குதுன்னு கலர் கோடு போட்டுக் காட்டும். இழுத்து நகல் எடுக்கும்போது ஒரு கட்டம் நகராம நிக்கணும்னா டாலர் குறி போடணும். லேப்ல இதை 'அப்சல்யூட் ரெஃபரன்ஸ்'னு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சிருப்பீங்க. ஜிஎஸ்டி சதவீதத்தை ஒரே ஒரு கட்டத்துல வெச்சு நூறு பொருளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, அது எதுக்குன்னு உடனே புரியும்.

மூணு: ஃபைலோட வகை என்ன?

நிறைய பேருக்கு "எங்கே சேவ் பண்ணீங்க?"ன்னு கேட்டா பதில் தெரியாது. ஃபோன்ல பழகினவங்களுக்கு இது சகஜம், ஏன்னா ஃபோன் ஃபோல்டரை ஒளிச்சு வெச்சிருக்கு. முதல் வேலையா ஃபைல் பேருக்குப் பின்னாடி வர்ற எழுத்துகளைக் காட்டச் சொல்லி செட்டிங்ஸ்ல மாத்துங்க. பழைய எக்ஸெல் வகையான எக்ஸ்எல்எஸ், ஒரு ஷீட்டுல 65,536 வரிசைதான் தாங்கும். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் 10,48,576 வரிசை தாங்கும். ஐகான் பார்க்க கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

2020 செப்டம்பர் கடைசியிலயும் அக்டோபர் ஆரம்பத்துலயும் இங்கிலாந்துல 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்குல விட்டுப்போச்சு. லேப் முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வகை ஃபைலுக்கு மாத்தினப்போ, இடம் தீர்ந்ததும் மிச்ச வரிசைகள் உள்ளே போகவே இல்லை. பாதிக்கப்பட்டவங்களுக்கு ரிசல்ட் போயிடுச்சு. ஆனா அவங்களோட பழகினவங்களைத் தேடிச் சொல்ற வேலை தாமதமாச்சு. ஃபைல் வகைன்னு அலட்சியமா விடறது எவ்வளவு தூரம் போகும் பாருங்க.

நாலு: எழுத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?

வேர்டுல தலைப்பை நடுவுல கொண்டுவர ஸ்பேஸ் பாரை இருபது தடவை தட்டுவோம். அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கிட்டே இருப்போம். திரையில அழகா இருக்கும். மேலே ஒரு வரி சேர்த்தா எல்லாம் சரியும். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டுல பக்க எண்ணை விடிய விடியத் திருத்தினவங்களுக்கு இது தெரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூணையும் சேர்த்து அழுத்துங்க. நீங்க போட்ட ஒவ்வொரு ஸ்பேஸும் புள்ளியா, ஒவ்வொரு என்டரும் குறியா வெளியே வரும். தலைப்புக்கு 'ஹெடிங் 1' ஸ்டைல் போட்டா, அது தலைப்புன்னு வேர்டுக்கே தெரியும். பொருளடக்கத்தை அதுவே போட்டுக்கும். பக்கம் மாறினா அப்டேட் கொடுத்தா போதும்.

தமிழ்லயும் இதே கதைதான். பழைய தமிழ் ஃபாண்ட்கள்ல உள்ளே இருந்தது ஆங்கில எழுத்து, வெளியே போட்டிருந்த உருவம்தான் தமிழ். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா குப்பை மாதிரி தெரியும். யூனிகோடுல 'அ'ன்னா உள்ளேயும் 'அ'தான். தமிழ்நாடு அரசு 2010-ல யூனிகோடை ஏத்துக்கிட்டது. ஆனாலும் இன்னைக்கும் பழைய ஃபைல்கள் நிறைய சுத்துது. சோதிக்கணும்னா ஒரு வரியை செலக்ட் பண்ணி ஃபாண்ட்டை ஏரியலுக்கு மாத்துங்க. தமிழாவே நின்னா யூனிகோடு. அரசுத் தட்டச்சர் வேலைக்காகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தோட 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' தேர்வு எழுதறவங்க, இதையும் சேர்த்துப் பழகிக்கிட்டா வேலையில உதவும்.

எப்படிப் பழகறது?

புதுசா கோர்ஸ் எதுவும் வேண்டாம். காலேஜ் லேப்ல இருக்கற சாஃப்ட்வேரே போதும். சொந்த லேப்டாப்ல வேணும்னா லிப்ரெ ஆபீஸ் இலவசம். அடிப்படை எல்லாம் அதுலயும் இதேதான். ஒரு மாசம் உங்க வீட்டு வரவு செலவைப் போடுங்க. பால் கணக்கு, கரண்ட் பில், பஸ் பாஸ். சிலபஸ்ல வர்ற 'எம்ப்ளாயீ ஏ, எம்ப்ளாயீ பி' சம்பளம் தப்பா வந்தா உங்களுக்கு உறைக்காது. உங்க அம்மாவோட பால் கணக்கு தப்பா வந்தா அம்மாவே சொல்லிடுவாங்க.

முடிச்ச பிறகு மூணு விஷயம் செய்யுங்க. ஒரு விடையைக் கையால கூட்டிச் சரிபாருங்க. வரிசைகளோட எண்ணிக்கை மூலத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. பேர், நம்பர் இருக்கற லிஸ்ட்டுன்னா பிரிண்ட் எடுத்து, இன்னொருத்தர் வாசிக்க நீங்க டிக் அடிங்க. நான் லிஸ்ட்டை டைப் பண்ற நேரத்துலதான் பாஸ்புக்கைப் பார்த்தேன். பிரிண்ட் வந்த பிறகு ஒரு தடவை பார்த்திருந்தா அஞ்சு நிமிஷ வேலைதான்.

நம்பரைத் திருத்திக் கொடுத்து நாலு மாசம் கழிச்சு என் ரூம்மேட்டுக்குப் பணம் வந்தது. தோட்டை மீட்டாங்க, வட்டி போக. நான் வட்டியைக் கொடுக்கறேன்னு சொன்னேன், அவன் வாங்கலை. இப்ப அவன் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். எனக்கு ஃபோன் பண்ணா இன்னைக்கும் "டேய் ஜீரோ"ன்னுதான் ஆரம்பிப்பான்.

கேள்வி அனுப்பின தங்கச்சிக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். ஒரு காலி ஷீட்டைத் திறந்து, 16 இலக்க நம்பர் ஒண்ணை 7-ல முடியற மாதிரி அடிச்சு என்டர் தட்டுங்க. காலத்தை அகலமாக்கி, ஃபார்மேட்டை 'நம்பர்'னு மாத்திக் கடைசி இலக்கத்தைப் பாருங்க. அதுக்கப்புறம் எந்த லிஸ்ட்டைக் கையில எடுத்தாலும் கொஞ்சம் பயம் இருக்கும். அந்த அளவு பயம் இருக்கட்டும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.